காதோரத் தழும்பு

வார விடுமுறை தோறும் முதியோர் இல்லத்துக்குப் போய்க் காசு வாங்காமல் முடி வெட்டிவிடுவார் சலூன்காரர். முகங்களைப் பார்த்தால் மனசு தாங்காதென்று பார்வையைப் பின்தலையோடு நிறுத்திக்கொள்வார். அன்று புதிதாக வந்திருந்தவரின் கழுத்தில் துணியைக் கட்டிச் சீப்பை வைத்தவர் முடியை விலக்கிப் பார்த்தார். இடது காதின் மேல் ஒரு தழும்பு. தொழில் பழகிய காலத்தில் கத்தரி தவறி அவரே போட்டது.

"அண்ணே?"

நேற்றுத்தான் முடி வெட்ட வந்த அண்ணன் மகன், "அப்பா ராஜா மாதிரி இருக்காரு சித்தப்பா" என்றிருந்தான். அந்தப் பாவிப்பயலுக்குத் தலையை வேறு பிடித்துவிட்டு அனுப்பியிருந்தார்.

அண்ணன் திரும்பவில்லை.

"அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத. வெட்டுடா. இந்தத் தடவையாவது காத விட்டு வை."