நாற்பது வீடுகளுக்குத் தனி வாசல்

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பழைய குடியிருப்பை இடித்துவிட்டு மூன்று கோபுரங்கள் கட்டுவதாக முடிவானது. கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள். பழைய நாற்பது குடும்பங்களுக்கும் அதிலேயே வீடு தருவதாகச் சொன்னார்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

பிளான் போட்ட கட்டிடக் கலைஞர் அந்தக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் பிறந்தவள். அவளுடைய அக்கா, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்பவள், இன்னும் அதே வீட்டில்தான் இருந்தாள். தங்கை பிளானைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள்.

"எல்லாருக்கும் ஒரே வாசல்க்கா. ஒரே லிஃப்ட். ஆறாவது மாடியில தோட்டம். நீயும் நடக்கலாம், அம்பதாவது மாடிக்காரனும் நடக்கலாம்."

"பேப்பர்ல இருக்கிற தோட்டத்துல யாரு வேணாலும் நடக்கலாம்" என்றார் அத்தான். பஸ் ஓட்டுநர்.

அக்கா அவரை முறைத்தாள். மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பதினேழு நாளில் எல்லாரும் சம்மதித்தார்கள். கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் நான்காம் மாடி டீச்சர். "உன் தங்கச்சிய நம்பிப் போடல. உன்னை நம்பிப் போடறேன்" என்றார்.

கட்டிடம் பாதி எழும்பியபோது கட்டுமானக் கம்பெனி இயக்குநர் தங்கையைக் கூப்பிட்டார்.

"மேல் வீடு வாங்க வர்றவங்க, லிஃப்ட்ல கூட யாரு வருவாங்கன்னு கேக்கறாங்க. அந்த நாப்பது வீட்டுக்கும் தனி வாசல் போட்டுடுங்க. சரக்கு லாரி வர்ற பக்கம் இடம் இருக்கு."

"அவங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கோம் சார்."

"வீடு தர்றோம்னுதான் எழுதிக் கொடுத்தோம். நீங்க போடலைன்னா வேற ஆள் போடுவாங்க. இந்தக் கட்டிடத்துல உங்க பேரு வேணுமா, வேண்டாமா?"

வேண்டும் என்றுதான் இருந்தது. ஒரு நாள் முழுக்கத் தனக்குள் மல்லுக்கட்டினாள், மறுநாள் வரைந்தாள். ஒரு சுவரை நகர்த்தி, ஒரு கதவு, ஒரு தனி லிஃப்ட். அந்த லிஃப்டிலிருந்து தோட்டத்துக்குப் போக முடியாது. மழைக்கு ஒதுங்கக் கூரையும், நல்ல விளக்கும் போட்டாள். அதையே பெரிய புண்ணியமாக நினைத்துக்கொண்டாள். அக்காவிடம் சொல்லவில்லை. அக்காவின் தற்காலிக வாடகை வீட்டில் சாப்பிட உட்காரும் ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுத்தாள், சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

குடிவந்த அன்று அக்கா கையில் அடுப்போடு முன்பக்கக் கண்ணாடிக் கதவருகே நின்றாள். காவலாளி மரியாதையாகத்தான் சொன்னார், "உங்களுக்கு அந்தப் பக்கம்மா." நாற்பது குடும்பங்களும் லாரிகளுக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே கட்டிலும் பீரோவும் தூக்கிப் போயின.

சாயங்காலம் தங்கை வந்தாள். அக்கா பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கதவை யாரு போட்டா?"

"கம்பெனியில சொன்னாங்கக்கா..."

"சொன்னது யாருன்னு கேக்கல. வரைஞ்சது யாரு?"

"நான்தான்."

"எப்ப?"

"போன வருஷம்."

அக்கா ஒரு தட்டைத் துடைத்து வைத்தாள். "போன வருஷம் பூரா வாரா வாரம் வந்து சாப்பிட்டுட்டுப் போனியே."

"வீடு நல்லாத்தான் இருக்கு, விடு. தண்ணி நல்லா வருது" என்றார் அத்தான். அது உண்மையாக இருந்ததுதான் தங்கைக்கு இன்னும் வலித்தது.

அக்காவோடு யாரும் சண்டைக்கு வரவில்லை. லிஃப்டில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றது, அவ்வளவுதான். டீச்சர் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். அக்கா ஏழு மாடியும் படியேற ஆரம்பித்தாள். முழங்கால் வீங்கியது.

எட்டு மாதம் கழித்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டியபோது வேறு யாரோ திறந்தார்கள். தங்கை அங்கேயே நின்று அத்தானுக்குப் போன் செய்தாள்.

"ஊருக்கு வெளிய வந்துட்டோம்மா. அவ வேலைக்கு ரெண்டு பஸ் மாறிப் போறா."

"அட்ரஸ் சொல்லுங்க அத்தான்."

"சொல்லக் கூடாதுன்னுட்டா. கொஞ்ச நாள் போகட்டும்."

"எத்தனை நாள்?"

அவர் பஸ்ஸுக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"வண்டி எடுக்கணும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.