ரோவினா ஒரு தடவைதான் கேட்டாள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மஹ்வஷ் தன் சமையலறையில் அரிசி களைந்துகொண்டே சொன்னது. சொல்லும்போது அவள் சிரித்தாள். அவள் கணவர் கியூமர்ஸ் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஒருத்தர் சிரிக்க, இன்னொருத்தர் எழுந்து போகிற விஷயம் என்றால் எனக்கு எழுதக் கை அரிக்கும். பிரிஸ்பேனில் இந்த ஈரானியர்களின் வீடுகளில் வருஷக்கணக்காகச் சாப்பிட்டு வருகிறேன். சோறு போட்டவர்களைப் பற்றிக் கதை எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறுநாள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "ஷிராஸில் பனி கொட்டிய ஒரு மாலையில், சிறுவன் கியூமர்ஸ்..."

அடித்துவிட்டேன். அங்கே பனி எப்படிக் கொட்டும் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது: "தார் வாசிப்பவரான கியூமர்ஸ்..."

(ரோடு போடுகிற தார் இல்லை. முசுக்கட்டை மரத்தில் குடைந்த, இரட்டை வயிறுள்ள நரம்பு வாத்தியம். வயிற்றின் மேல் ஆட்டுக்குட்டித் தோல் போர்த்தியிருக்கும். கழுத்து நீளம்.)

இப்படியே இருக்கட்டும்.

2

சொந்த ஊரான ஷிராஸில் அவர் வாசித்தால் ஜனங்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இங்கே வாயைத் திறந்துகொள்வார்கள், கபாபுக்காக. கல்யாணம், நவ்ரூஸ் புத்தாண்டு விருந்து, மாநகராட்சிப் பூங்காவில் பல நாட்டு விழா என்று அவர் வாசிக்காத இடமில்லை, அங்கெல்லாம் தட்டுச் சத்தம் இல்லாமலும் இல்லை. வார நாட்களில் ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலை. விரல் வெட்டுப்பட்டுவிடக் கூடாதென்று இரண்டு கையுறை மாட்டிக்கொள்வார். கோடையில் காற்றின் ஈரத்துக்குத் தாரின் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடும். அப்போது மஹ்வஷின் ஹேர் டிரையரைத் தூக்கிக்கொண்டு போவார்.

"என் தலைமுடிக்கு ஓடினதவிட அந்த ஆட்டுத்தோலுக்குத்தான் அது அதிகமா ஓடியிருக்கு" என்பாள் அவள்.

ஆற்றங்கரை இசை விழாவை நடத்துகிற ரோவினா ஒரு கல்யாணத்தில் அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, வீடு தேடி வந்தாள். கடைசி நாள் கச்சேரி அவருடையது என்றாள். உட்கார்ந்து கேட்கிற அரங்கம், விளக்கை அணைத்துவிடுவார்கள்.

"சாப்பாடு?" என்று கேட்டார் கியூமர்ஸ்.

"உள்ள தண்ணிகூட விடமாட்டோம்."

இருபது வருஷமாக அவர் காத்திருந்தது இதற்குத்தான். அதனால் முறைப்படி பதில் சொன்னார்: "நான் எம்மாத்திரங்க? நம்ம நஸ்தரன் இருக்கு. அந்தப் பொண்ணு வாசிச்சா நானெல்லாம் ஓரமா உக்காந்து கேக்கணும்."

"அப்படியா? பரவால்ல, புரியுது. அவங்க நம்பர் இருக்கா?" என்றாள் ரோவினா.

நம்பரையும் கொடுத்தார். அவள் டீயைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கார் போன பிறகும் அவர் வாசலிலேயே நின்றார்.

3

(கதை நடுவில் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் அடுத்த எண்ணுக்குப் போகலாம்.)

காபி குடிக்கிறீர்களா என்று யாராவது கேட்டால் நாமும் வேண்டாம் என்போம். வேண்டாம் என்றவரிடம் மறுபடி கேட்காத வீட்டைப் பற்றி ஊரெல்லாம் சொல்லுவோம். நமக்கு அது காபியோடு சரி. இவர்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். தாரோஃப் என்பார்கள். முதல் 'வேண்டாம்' வணக்கம் சொல்வது மாதிரி. இரண்டாவது, செருப்பைக் கழற்றுவது மாதிரி. மூன்றாவது தடவை கேட்டால்தான் ஆள் உள்ளே வருவார்.

இத்தனை வருஷம் ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாதா? இந்த இடத்தில் எனக்கே கியூமர்ஸ் மேல் சந்தேகம் வந்தது. விசாரித்தேன். நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று முதலாளி கேட்டால் பட்டென்று சரி என்பார். தாரைப் பற்றிய பேச்சு என்றால் மட்டும் அவர் இன்னும் ஷிராஸில்தான் இருக்கிறார்.

4

"போன் பண்ணி, வரேன்னு சொல்லுங்க" என்றாள் மஹ்வஷ்.

"நானேவா? எனக்குக் குடுங்கன்னு கேக்கச் சொல்றியா?"

"ஆமா. வாயை வாடகைக்கா விட்டிருக்கீங்க?"

"அவங்களே மறுபடி கேப்பாங்க, மஹ்வஷ் ஜான்." (ஜான்: 'உயிரே' மாதிரி செல்லமாகக் கூப்பிடுவது.)

"கேக்கமாட்டா. அவ ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான்."

அவள் சொன்னதுதான் நடந்தது. அழைப்பு நஸ்தரனுக்குப் போயிற்று.

5

நஸ்தரன் பிஸ்தா மிட்டாயோடு வந்தாள். செதார் வாசிக்கிறவள் (சிதார் இல்லை, தாரைவிடச் சின்ன நரம்பு வாத்தியம்). நடந்ததை அவள் ஊகித்திருந்தாள்.

"உஸ்தாத், அது உங்க மேடை. நான் இன்னும் சரின்னு சொல்லல."

மேடை கியூமர்ஸைத் தேடித் திரும்பி வந்திருந்தது. வாய் மட்டும் பழகிய வழியிலேயே போயிற்று. "சேச்சே, உனக்குத்தான் பொருத்தம்."

"நீங்க இருக்கும்போது நான் எப்படி?"

"நீ வாசிம்மா. நான் முன் வரிசைல உக்காந்து கேக்கறேன்."

இரண்டு 'வேண்டாம்' ஆயிற்று. நஸ்தரன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

முடிவு அ: மூன்றாவது தடவையும் கேட்டாள், அவர் கண்கலங்கி...

மஹ்வஷ் படித்தால் சிரிப்பாள். அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: இருவரும் ஒரே மேடையில், தாரும் செதாரும்...

மாநகராட்சி விளம்பரம் மாதிரி இருக்கிறது. இதையும் அடித்துவிட்டேன்.

நடந்தது வேறு. சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றாள் மஹ்வஷ்.

"அவருக்கு ஆசை, நஸ்தரன். இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து ஆசை. வாய்ல வராது."

விருந்தாளி முன்னால் இதைச் சொல்லலாமா? கியூமர்ஸின் காது சிவந்தது. எழுதும்போது எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மஹ்வஷ் மேல் கோபம்கூட வந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

நஸ்தரன் தன் போனில் ரோவினாவை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, அவர் முன்னால் வைத்தாள்.

"நான் இனிமே கேக்கமாட்டேன், உஸ்தாத். எனக்காகப் பேசவும் வேண்டாம். உங்களுக்கு என்ன வேணுமோ அத நீங்களே சொல்லுங்க."

மணி அடித்தது.

"ஹலோ, நஸ்தரன்?" என்றாள் ரோவினா. பிறகு, "யாருங்க லைன்ல?"

6

இதற்கு மேல் மஹ்வஷ் சொல்லவில்லை. அவர் சொன்னதாக நானே "நான்தான்" என்று எழுதிப் பார்த்தேன். "வாசிக்கறேன்" என்று எழுதினேன். "ஒண்ணுமில்ல, தவறிப்போய்க் கூப்பிட்டுட்டோம்" என்றும் எழுதினேன். மூன்றும் அவர் வாயில் பொருந்தத்தான் செய்கின்றன. ஆனால் எதை நான் வைத்தாலும், அவருக்காக மறுபடி வேறொருவர் பேசியதாகிவிடும். அதனால் இந்த வரியை நான் எழுதப்போவதில்லை.

கியூமர்ஸ் போனை நோக்கிக் குனிந்திருக்கிறார். நீங்களும் அந்த அறையில்தான் இருக்கிறீர்கள். அவருக்குச் சொல் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் வாய் திறக்கும்வரை கொஞ்சம் சும்மா இருங்கள்.