நாற்பத்தேழாம் எண் பட்டு

டீச்சர் மழைக்கு ஒதுங்கும் நாளாகப் பார்த்தா பூச்சாடியைக் கழுவ எடுக்க வேண்டும்? குட்டியம்மா தன் புத்தியைத் தானே நொந்துகொண்டாள்.

குட்டியம்மா என்பது அவள் உயரத்துக்கு வாய்த்த பட்டப்பெயர். புருஷன் சலவைக்கடைக்காரர். முன்னறை கடை, பின்னறை வீடு. பின்னறை அலமாரியின் மேல் அவர்கள் கல்யாணப் படம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அதன் வலது மூலையை மறைத்தபடி இருபத்தெட்டு வருடமாக ஒரு பீங்கான் பூச்சாடி. அது அழகுக்காக என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். படத்தில் அவள் கட்டியிருக்கும் கத்தரிப்பூ நிறப் பட்டு, டீச்சரின் கல்யாணப் புடவை. கடைக்கு வெளுக்க வந்தது. சலவைக்கடை மாப்பிள்ளை அதைக் கொண்டுவந்து, "உனக்குத்தான், கட்டிக்க" என்று நீட்டினார். வாங்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய் பேசாத மனுஷன்! கல்யாணம் முடிந்த மறுநாளே "துவைச்சுக் கொண்டாரேன்" என்று எடுத்துப் போனார். புடவை வரவில்லை, படம்தான் வந்தது. அதில் புடவையின் கால்பக்கக் கரையில், 47 என்று மையால் எழுதிய துணித்துண்டு பளிச்சென்று தொங்கியது. வாடிக்கை வீடு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். துணியை உரியவர் கையில் கொடுக்கும்போதுதான் அந்தத் துண்டைப் பிரிப்பார். தன் கல்யாணத்தன்றுகூட அவர் இந்த ஒழுங்கை மீறவில்லை.

மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். நாலாம் நாள் சிரித்துவிட்டாள். அந்த ஒரு நாள் அவள் ராணிதானே, அதை யார் பிடுங்கிக்கொள்ள முடியும்? அதன் பிறகு அந்தப் புடவை வரும்போதெல்லாம் யாரையும் தொடவிடாமல் அவளே தேய்த்தாள். தேய்க்கும் முன் கதவைச் சாத்திவிட்டு ஒருமுறை தோளில் போட்டுப் பார்ப்பாள். முந்தானையில் மங்கலாக ஒரு காபிக் கறை உண்டு. அது கல்யாணத்தன்று அவள் காட்டிய கைவண்ணம்தான்.

இன்று டீச்சர் புடவையை வாங்கிப் போக வந்திருந்தார். நாளை மகளுக்குக் கல்யாணம், மகள் அதைத்தான் கட்டப்போகிறாள். கடைக்காரர் வெளியே போயிருந்தார். மழை வலுக்கவே, "உள்ள வந்து உக்காருங்க டீச்சர்" என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்ட பிறகுதான் தொட்டியருகே கவிழ்த்து வைத்த பூச்சாடி நினைவுக்கு வந்தது.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படத்தை நெருங்கினார்.

"நாப்பத்தேழு என் நம்பராச்சே?"

கடையின் பெயர் போவது இருக்கட்டும், இனி அந்தப் புடவை இந்த வாசல் ஏறாதே! அதுதான் குட்டியம்மாவுக்குத் தாங்கவில்லை. ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள்.

"காபியும் நான்தான் டீச்சர் ஊத்தினேன். என்ன பண்ணியும் போகல. வரும்போதே கறை இருந்துச்சுன்னு இவரு உங்ககிட்ட சொல்லிட்டாரு."

டீச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்போ என் நாத்தனார் ஊத்தலையா?"

"யாரு டீச்சர்?"

"அந்தத் தடவை வெளுக்கப் போடறதுக்கு முன்னாடி அவதான் இரவல் வாங்கிக் கட்டினா. கறைய காட்டினதும், நான் இல்ல, நான் இல்லன்னு எத்தனை சத்தியம் பண்ணினா தெரியுமா? நான் நம்பவே இல்லையே!"

குட்டியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அவங்க வருவாங்கல்ல? நானே வந்து உண்மைய சொல்லிடறேன்."

"ஐயையோ!" டீச்சர் துள்ளி எழுந்தார். "கெடுத்தியே காரியத்தை! இருபத்தெட்டு வருஷமா அவ வாயைத் திறக்கும்போதெல்லாம் கறை தெரிய இந்த முந்தானைய இழுத்துவிட்டுத்தான் நான் அடக்கிட்டிருக்கேன். நாளைக்கு நீ வரணும், வந்து நல்லா சாப்பிடணும். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. புடவைய இனியும் வழக்கம்போல நீயே தேய்ச்சுக் கொடு."

சொல்லிவிட்டுத் தொட்டியருகே போய், பூச்சாடியைத் தம் சேலைத் தலைப்பாலேயே துடைத்துக் கொண்டுவந்து அலமாரியின் மேல் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் டீச்சர்," என்றாள் குட்டியம்மா. "ஏழு தெரியுது."