விரிய மறுத்த இதயம்

பேருந்து ஓட்டும் அவளைப் பணிமனையில் ‘புயலக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவள், மூன்றாவது மாடியிலிருந்த வீட்டுக்கு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். படுத்தால் நெஞ்சை அமுக்குவது போலிருக்க, சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள்.

முதலில் போன மருத்துவமனையில் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துவிட்டு, “பம்பிங் பிரமாதமா இருக்கு” என்று அனுப்பிவிட்டார்கள். கணவன் அதையே பிடித்துக்கொண்டான். “இதயம் கல்லு மாதிரி இருக்கு. எல்லாம் உன் மனப்பிரமை.”

போகப்போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாம்தான் சாக்குச் சொல்கிறோமோ?

ஒரு காலை, வீங்கிய பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. வந்திருந்த தங்கை பார்த்துவிட்டாள்.

“அக்கா, கிளம்பு. மாமா, நீங்களும் வாங்க.”

இதய மருத்துவர் அவள் காலை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மறுபடி எக்கோ எடுத்து, இதயம் நிரம்பும் விதத்தை வெகுநேரம் கவனித்தார்.

“சுருங்குறதுல குறையே இல்லம்மா. விரியறதுலதான் சிக்கல். கவனிக்காம விட்ட ரத்தக்கொதிப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடிச்சு விறைச்சுப் போச்சு. அது தளர்ந்தாதான் ரத்தம் லேசா உள்ள வரும். தளரலன்னா நுரையீரல் வரைக்கும் அழுத்தம் ஏறும். அதான் மூச்சு முட்டுது. இதுவும் ஒருவகை இதயச் செயலிழப்புதான். பேரைக் கேட்டு மிரளாதீங்க.”

“கல்லு மாதிரி இருக்குன்னு நெனச்சேனே…” கணவன் இழுத்தான்.

“அதுதாங்க வியாதியே.”

புயலக்கா அழுதுவிட்டாள். பயத்தினால் அல்ல. “அப்ப நான் நடிக்கலல்ல?” என்று தங்கையிடம் கேட்டாள். கணவன் அவள் மடியிலிருந்த பையை வாங்கி வைத்துக்கொண்டான்.

“குணமாயிடுமா டாக்டர்?” என்று கேட்டான்.

“முழுசா பழையபடி ஆகும்னு சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரையை விடாம, பிரஷரை அடக்கி வச்சு, உப்பைக் குறைச்சு, தினம் நடந்தா நல்லாவே வாழலாம்.”

நீர் பிரியும் மாத்திரையில் வீக்கம் மெல்ல வடிந்தது. நெடுநாளுக்குப் பிறகு ஒரு மதியம் கட்டிலில் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். மருத்துவர் அனுமதிக்கும்வரை பணிமனையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே பார்த்தாள்.

மறு பரிசோதனைக்குப் போனபோது தங்கை விடவில்லை. மாமாவுக்கும் பிரஷர் பார்க்கச் சொன்னாள். அவளைவிட அவனுக்குத்தான் கூடுதலாக இருந்தது.

“இது உங்க மனப்பிரமையா இருக்கும்” என்றாள் புயலக்கா. அவன் அசடு வழியச் சிரித்தான்.

இப்போது காலையில் இருவருமாக நடக்கிறார்கள். அவன்தான் பின்னாலிருந்து கத்துகிறான்:

“அடியே, மெதுவாப் போ!”