பூஜையில் வைத்த ஆயுதம்

"கங்கைச் சொம்பை எங்கம்மா வச்சிருக்கே?" என்று பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி ஆன்ட்டி மூன்றாவது முறையாகக் கேட்டார். ஷ்யாமளா காதில் விழாதவள்போலக் கணவனின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலர் எப்போதோ மடிப்புக்கு வந்துவிட்டது. அவள்தான் அதை விடுவதாக இல்லை.

பதினோரு மணிக்குள் துணிகளை ஃப்யூனரல் ஹோமில் சேர்க்க வேண்டும். மூன்று மணிக்கு மின்தகனம். சுட்டுக் கொல்லப்பட்ட உடம்பு என்பதால் போலீஸ் அறுத்துப் பார்த்து, தைத்து, நேற்றுத்தான் கொடுத்தார்கள். பசுபதிக்கு ஐம்பத்திரண்டு வயது. ரூட் டுவென்டி செவன் ஹைவே ஓரம் பதினான்கு வருஷமாக லிக்கர் ஸ்டோர் நடத்தியவர். ஒருவரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை, மனைவியைத் தவிர.

"பூஜை ரூம்லதானே இருக்கும்? வாயில ஊத்தறதுக்கு வேணும். ஐயர் போன்ல ரெண்டு தடவை சொல்லிட்டார்."

"நான் எடுத்துத் தர்றேன் ஆன்ட்டி."

"நல்லா இருக்கே! தீட்டோட சாமி அறைக்குள்ள போவியா? நீயும் போகக் கூடாது, வெண்பாவும் போகக் கூடாது. நகரு, நான் எடுக்கறேன்."

"அந்தக் கதவு சிக்கிக்கிட்டு இருக்கு ஆன்ட்டி. லேசுல வராது. டேப் தண்ணியே போதும், விடுங்க."

"டேப் தண்ணியா! அவருக்கா?" ஆன்ட்டி ஹாலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாலு தம்பி, கொஞ்சம் வாங்க. பூஜை ரூம் கதவு வரலியாம். நீங்க வெளி ஆளுதானே, திறந்து அந்தக் கங்கைச் சொம்பை எடுத்துக் குடுங்க."

 வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஆன்ட்டியோடு போயிருக்கும். கதவு சிக்கியிருக்கிறது என்று ஷ்யாமளா சொன்ன சாக்கே பாலுவைக் கூட்டிவந்துவிட்டது.

மாடிப்படிக்குக் கீழே இருந்த கோட் மாட்டும் குளோசெட்தான் அந்த வீட்டின் பூஜை அறை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு வாங்கிய வருஷம் பசுபதியே பலகை அடித்துக் கொடுத்தார். புதன்கிழமை இரவிலிருந்து அந்தக் கதவு திறக்கவில்லை. உள்ளே சுண்டல் ஊசிப்போயிருக்கும், செவ்வந்தி காய்ந்திருக்கும். நடுத்தட்டில், சிவப்பு ஜாக்கெட் துணியின் மேல், சந்தனமும் குங்குமமும் வைத்து, பசுபதியின் கைத்துப்பாக்கி இருக்கும். பக்கத்தில் அதன் இரும்புப் பெட்டி.

புதன்கிழமை ஆயுத பூஜை. வருஷா வருஷம் கடைச் சாவி, கால்குலேட்டர், வேன் சாவி, விலைச்சீட்டு ஒட்டும் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். போன வருஷம் கடையில் கொள்ளை நடந்த பிறகு, ஏழு மாதம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்து பர்மிட் வாங்கி அந்தத் துப்பாக்கியை வாங்கியிருந்தார். அது வந்த பிறகு வருகிற முதல் பூஜை.

"அது எதுக்குடி? கடையிலயே ஒரு பொட்டு வச்சிட்டு வந்துடறேன்" என்றார் பசுபதி.

"ஸ்டேப்ளருக்குக்கூடப் பொட்டு வைக்கிறோம். நிஜ ஆயுதம்னு நம்மகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். அதை விட்டுட்டு ஆயுத பூஜை கும்பிட்டா சாமி சிரிக்காதா?"

அவர் சிரித்தார். அவள் பேச்சுக்கு அவர் சிரித்துவிட்டால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். சட்டப்படி குண்டுகளை எடுத்துவிட்டு, பெட்டியில் பூட்டி, காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தார்.

சாயங்காலம் கடைக்குக் கிளம்பும்போது பூஜை அறை வாசலில் நின்று, "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"பூஜையில வச்சதை இன்னிக்குத் தொடக் கூடாதுங்க. விடிஞ்சா விஜயதசமி. ஒரு ராத்திரிதானே?"

ஆறே முக்காலுக்குக் கடையில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிரவு வீட்டுக்கு வந்த டிடெக்டிவ் சோபாவில், சரியாக அந்தக் கதவுக்கு எதிரே உட்கார்ந்தார். உங்கள் கணவர் பெயரில் ஒரு துப்பாக்கி இருக்கிறது, கடையில் இல்லை, வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி ஏன் என்றுதான் வரும். அந்த ஏனுக்கு அவள்தான் பதில். "கடையிலதான் இருந்தது" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. "பெட்டியோடயா?" "பெட்டியோட." அவர் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் திருடனுக்குத் தேள் கொட்டின கதையாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தாள். துப்பாக்கி கையில் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா, எடுக்கப் போய் இன்னும் சீக்கிரம் செத்திருப்பாரா, யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தெரியாமைதான் அவளைத் தின்றது. தெரிந்துவிட்டால் ஒரேயடியாக அழுதாவது தீர்க்கலாம்.

அவள் சொன்ன பொய்யோ அதற்குள் கால் முளைத்து ஊர் சுற்றிவந்துவிட்டது.

பாலு என்கிற பாலசுப்ரமணியன் பசுபதியின் ஊர்க்காரர், தாராபுரம். இரண்டு லிக்கர் ஸ்டோர், ஒரு மோட்டல், போதாததற்குக் கடைக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். கடையில் வைத்திருக்கும் துப்பாக்கியையும் பெட்டியில் பூட்டியே வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வரப்போகிறது. அதை எதிர்த்துச் சங்கம் ஆறு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது, கேட்பாரில்லை. இப்போது கையில் பசுபதி கிடைத்துவிட்டார். காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, பாலு கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"செவ்வாய்க்கிழமை ட்ரென்டன்ல, சட்டசபையில ஹியரிங், ஷ்யாமளா. நீ எந்திரிச்சு இதைப் படிச்சாப் போதும். சட்டம் வர்றதுக்கு முன்னாலயே பசுபதி பூட்டி வச்சான். சாவியைத் தேடறதுக்குள்ள வந்தவன் சுட்டுட்டு, பெட்டியையும் தூக்கிட்டுப் போயிட்டான். இதுதானே நடந்துச்சு?"

 அவர் குரல் இறங்கியது.

"மூணு வருஷம் முன்ன கடைக்கு வந்த திருடன் ஒருத்தன் என்னைக் குப்புறப் படுக்க வச்சுப் பின்மண்டையில துப்பாக்கிய வச்சான். இன்னும் நான் தூங்கறது மாத்திரை போட்டுத்தாம்மா. சட்டம் போடறவனுக்கு அது தெரியுமா?"

பாவம், அதில் பொய் இல்லை. அதனால்தான் அவளால் கோபப்படவும் முடியவில்லை.

மகள் வெண்பாவுக்கு வேறு கணக்கு. ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியில் மூன்றாம் வருஷம். துப்பாக்கி வாங்கியதிலிருந்து அப்பாவோடு சண்டை, கடைசி இரண்டு வாரம் போனில்கூடப் பேசவில்லை. "ஐ டோல்ட் ஹிம், அம்மா. தே கில்ட் ஹிம் ஃபார் த கன்" என்று மூன்று நாளாகச் சொல்லி அழுகிறாள். செவ்வாய்க்கிழமை அவளும் ட்ரென்டன் போய், பாலு அங்கிளுக்கு எதிர்ப்பக்கம் நின்று பேசப்போகிறாளாம். இரண்டு பேரும் நிற்பது ஷ்யாமளா சொன்ன ஒரே பொய்யின் மேல். இரண்டு பேரும் அவளைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டச் சொல்கிறார்கள்.

பாலு கதவை ஒரு இழுப்பு இழுத்தார். சிக்கலும் இல்லை ஒன்றும் இல்லை, வழுக்கிக்கொண்டு திறந்தது. "நல்லாத்தானே வருது!" என்றபடி உள்ளே குனிந்தார். கங்கைச் சொம்பு நடுத்தட்டில், சிவப்புத் துணிக்குப் பின்னால் இருந்தது. ஷ்யாமளா இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு அசையாமல் நின்றது. பிறகு உலோகம் பலகையில் நகரும் சத்தம் கேட்டது.

"கிடைச்சுதா தம்பி?" என்றார் ஆன்ட்டி.

"கிடைச்சுது."

சொம்போடு வெளியே வந்து, கதவை இழுத்து மூடினார். முகத்தில் ரத்தமே இல்லை. சொம்பை ஆன்ட்டியிடம் கொடுத்த கை நேராகக் கோட்டுப் பைக்குள் போனது. அந்தத் தாள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டது.

ஷ்யாமளாவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, அப்பாடா என்றிருந்தது. மூன்று நாளாகத் தனியாகச் சுமந்ததை இன்னொரு ஜோடிக் கண் பார்த்துவிட்டது. இனி தாளைக் கிழித்துப் போடுவார். கத்துவார், நீயா கொன்றாய் என்று கேட்பார். கேட்கட்டும்.

ஆன்ட்டி சமையலறைக்குப் போனதும் பாலு அவள் பக்கத்தில் வந்தார். இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேல் படாதபடி எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்கண்ணா. நான்தான் அவரைக் கொண்டுவரச்..."

"சொல்லாதே." அவர் கண்ணை மூடித் திறந்தார். "என்கிட்டச் சொல்லாதே. நீ எதையும் வைக்கல, நான் எதையும் பாக்கல. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் நான் வந்து எடுத்துட்டுப் போயிடறேன். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குக் கார் வரும்."

"அண்ணா, அது பொய்யில்லீங்களா?"

"போலீஸ்கிட்டச் சொன்னது நீதானேம்மா" என்றார் பாலு. அதட்டவில்லை, பரிவாகத்தான் சொன்னார். "இனி மாத்தினா உன் பொண்ணு மூஞ்சிய எப்படிப் பாப்பே?"

அப்போது வெண்பா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அம்மாவின் கையிலிருந்து சட்டையை வாங்கி, சூடாக இருந்த அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஃப்யூனரல் ஹோமில் எல்லாம் கடிகாரப்படி நடந்தது. வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். கங்கைத் தண்ணீரை வெண்பா ஊற்றினாள், பாதி கழுத்து வழியே ஓடிக் காலரை நனைத்தது. பிறகு புஷ்பவல்லி ஆன்ட்டி ஷ்யாமளாவைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய், ஈரத் துணியால் அவள் நெற்றியையும் வகிட்டையும் துடைத்தார். பத்தாம் நாள் செய்ய வேண்டியது. அது வேலை நாளில் வருகிறது, யாருக்கும் லீவு கிடைக்காது என்று காலையிலேயே பேசி முடித்திருந்தார்கள். இருபத்தாறு வருஷப் பொட்டு இரண்டு துடைப்பில் போய்விட்டது. ஆன்ட்டி அழுதார், ஷ்யாமளாவுக்கு அழுகை வரவில்லை.

ஆன்ட்டி துணியை அலசப் போனதும் பாலு உள்ளே வந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வெண்பா சவப்பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னிக்கே அனுப்பணும்னு சங்கத்து ஆபீஸ்ல சொல்றாங்க" என்று பாலு தாளை மேஜைமேல் விரித்தார். "கடைசியில உன் பேருக்குக் கீழ போட்டாப் போதும்."

ஷ்யாமளா குனிந்து பார்த்தாள். அவள் பெயர் அடித்திருந்த இடத்தில் சிவப்பாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. பாலு அதைக் கவனிக்கவில்லை. எந்தக் குங்குமம் என்று அவளுக்குத் தெரியும். புதன்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, துப்பாக்கிக்கு அவள் கையால் வைத்த பொட்டு.

கையெழுத்துப் போட இடம் வேண்டுமே என்பதுபோல் மோதிர விரலால் அதைத் துடைத்தாள். குங்குமம் விரலுக்கு வந்தது. விரலுக்கு வந்ததும், இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் கை தானாக வகிட்டை நோக்கி எழும்பியது. பாதி வழியில் நின்றது.

பாலு பேனாவின் தலையை அழுத்தி, அவள் பக்கமாக நீட்டினார்.