மெழுகுக்குக் கீழே மணல்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஜாம் வாங்கத்தான் போனேன்.

தன்னாமுனையில் திரேசம்மா அக்கா விளாம்பழ ஜாமும் மாங்காய்ச் சட்னியும் செய்து விற்கிறார். கல்லடியில் இருந்து மோட்டார் சைக்கிளில் போய் வாங்கி வருவது என் வழக்கம். போன கிழமை போனபோது போத்தலைத் தராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தம்பி, நீங்க கதை எழுதுறவர்தானே? அப்ப உங்களுக்குத் தெரியும். ஒரு விசயம் கேக்கணும்" என்றார்.

கதை எழுதுகிறவனுக்கு ஏதோ தெரியும் என்று நம்புகிற கடைசி மனுசி அவராகத்தான் இருக்கும். கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றன் அக்கா" என்று வீட்டுக்கு வந்தேன். யோசிக்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன். அவர் கேட்டது ஒரு பதில். நான் செய்துகொண்டிருப்பது இது.

2

முதல் தொடக்கம்: மட்டக்களப்பு வாவியின் மேல் மழை மேகம் கவிந்து, தோணிகள் கரையேறிக்கொண்டிருந்த அந்த மாலையில்

(வேண்டாம். எங்கள் ஊர்க் கதை என்றால் வாவியில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? இன்னும் இரண்டு வரி போனால் வாவியின் பேர்போன பாடுமீன் பாடத் தொடங்கிவிடும்.)

இரண்டாவது தொடக்கம்: கொதிக்கிற ஜாமில் ஒரு துளியை எடுத்துக் குளிர்ந்த பீங்கானில் விட்டு, பீங்கானைச் சரித்துப் பார்த்தார் திரேசம்மா. துளி ஓடவில்லை.

இது பரவாயில்லை. இதிலேயே போவோம்.

துளி ஓடாவிட்டால் பதம். அவித்துக் காயவைத்த போத்தல்களில் சூட்டோடு ஜாமை ஊற்ற வேண்டும். போத்தல்கள் புதியவை அல்ல. அங்கே இங்கே சேர்த்தவை, மூடி ஒன்றும் ஒழுங்காக இறுகாது. அதனால்தான் மெழுகு. மெழுகுதிரியைத் தகரப் பேணியில் போட்டு, பேணியைச் சுடுதண்ணீருக்குள் வைத்து உருக்கி, ஜாமின் மேல் விரல் மொத்தத்துக்கு ஊற்றுவார்கள். ஆறினதும் அது கட்டியாகிப் போத்தலின் வாயை அடைத்துவிடும். அதற்கு மேல்தான் மூடி. திறக்கும்போது மெழுகை நெம்பி எடுத்து வீசிவிட வேண்டியதுதான்.

மெழுகு ஊற்றுவது பக்கத்து வளவுச் சீதேவி. திரேசம்மா அக்கா கத்தோலிக்கம், சீதேவி அக்கா சைவம். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், இப்போது ஒரே அடுப்பில் நிற்கிறார்கள். கிண்டுவது அவர், ஊற்றுவது இவர். திரேசம்மா அக்கா ஊற்றினால் மெழுகு ஒரு பக்கம் சரிந்து நிற்கும். சீதேவி அக்கா ஊற்றினால் வயலில் தண்ணீர் கட்டின மாதிரி மட்டமாக இருக்கும்.*

* திரேசம்மா அக்கா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "என்ட கை நடுங்கல்ல, போத்தல்தான் சரிஞ்சு நிக்கிது" என்பார்.

3

இனி அல்பேட். திரேசம்மா அக்காவின் புருசன். கோயிலில் மணி அடிப்பதும் பீடத்தைத் துடைப்பதும் கல்லறைகள் இருக்கிற சேமக்காலையைக் கூட்டுவதும் அவர் வேலை. பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு எடுத்து வந்து, குசினி மூலையில் இருக்கிற பேணிக்குள் போட்டு வைப்பார். மெழுகுக்குக் காசு செலவழித்தது கிடையாது.

நவம்பர் இரண்டாம் திகதி மரித்தவர்களின் நாள். சேமக்காலையில் ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுதிரி ஏற்றுவார்கள். இந்த முறை ஏற்றி முடிக்கவில்லை, மழை கொட்டித் தள்ளியது. ஆட்கள் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு ஓடினார்கள். மெழுகுதிரிகள் பாதி கூட எரியாமல் நூர்ந்து மணலில் சாய்ந்து கிடந்தன. அடுத்த நாள் கூட்டப் போன அல்பேட் அவற்றைப் பொறுக்கி, துடைத்து, வழக்கமான பேணிக்குள் போட்டார். யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அந்த மெழுகைத்தான் சீதேவி அக்கா உருக்கி ஊற்றினார். போத்தல்கள் போய்விட்டன. பிறகு திரேசம்மா அக்கா பேணியைக் கழுவும்போது அடியில் மணல்.

"இஞ்சருங்க, இந்த மணல் எங்கால?"

"சேமக்காலை மணல்தான். எல்லாம் நூந்து கிடந்தது. நீட்டு நீட்டா. வீச மனம் வரல்ல."

"அறிவிருக்கா உங்களுக்கு?"

"ஏன்? மெழுகு மெழுகுதானே."

(இந்த அல்பேட்டை நான் நம்பவில்லை. உண்மையில் இருக்கிற மனிதர்தான், ஆனாலும் நம்பவில்லை. முந்தின வரைவில் அவரை ஒரு கஞ்சனாக்கினேன். அதற்கு முந்தினதில் குடிகாரனாக்கினேன். இரண்டும் பொருந்தவில்லை. நல்ல மெழுகுதிரி மழையில் கிடந்து வீணாகப் போவதைப் பார்க்கச் சகிக்காத மனிதர், அவ்வளவுதான். அப்படி ஒருவரை வைத்துக் கதையில் சண்டை கூட மூட்ட முடியாது.)

4

போத்தல்கள் எங்கே போயின என்று சொல்லவில்லையே. சொன்னால்தான் திரேசம்மா அக்காவின் கேள்வி விளங்கும்.

பெரியகல்லாற்றுக்குப் போயின. சீதேவி அக்காவின் மகள் மேனுகாவுக்கு அங்கே மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் தாய் கண்ணகை இந்த ஜாமைப் பாணில் பூசித் தின்றுவிட்டு, "கலியாணப் பலகாரத்தோட இதுவும் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பலகாரப் பெட்டியோடு போன போத்தல்களைக் கலியாணத்தன்று சபைக்குத்தான் உடைப்பேன் என்று அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறாராம். இந்தக் கண்ணகை, பல்லி சொன்னது சரியில்லை என்று பெண் பார்க்க வரும் நாளையே ஒருதரம் மாற்றியவர்.

திரேசம்மா அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன். இதில் நான் கை வைக்கவில்லை.

"எனக்குச் சேமக்காலை பயமில்ல தம்பி. என்ட அம்மாவும் அங்கதான் கிடக்கா. ஆனா சீதேவிக்கு அப்பிடியில்ல. செத்த வீட்டுக்குப் போய் வந்தா முழுகாம வாசல் மிதிக்கமாட்டாள். அவள்ட கையாலேயே ஊத்த வச்சிட்டன். அதுவும் அவள்ட புள்ளைட கலியாணத்துக்கு! சொன்னாக் கலியாணம் குழம்பும். சொல்லாட்டி, அவள்ட மூஞ்சியப் பார்த்துக்கொண்டு நான் எப்பிடிக் கிண்டுற? சொல்லுங்க. சொல்லணுமா, வேணாமா?"

அக்காவின் கண் கலங்கியிருந்தது. நான் கைலேஞ்சியை எடுத்து என் கண்ணாடியைத் துடைத்தேன். எழுத்தாளர்கள் இப்படித்தான்.

5

முடிவு அ.

திரேசம்மா சொல்லவில்லை. கலியாணம் சிறப்பாக நடக்கிறது. மேனுகாவுக்கு ஒரு பிள்ளை

(சீ. பிள்ளை பெற வைத்துக் கதையை முடிப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.)

முடிவு ஆ.

இது எனக்கு மிகவும் பிடித்தது, மறைக்கமாட்டேன். திரேசம்மா அக்கா புதிய மெழுகில் புதிய போத்தல்கள் அடைத்து, இரண்டு உமல் பைகளில் கட்டிக்கொண்டு கல்முனை பஸ்ஸில் ஏறுகிறார். பஸ் குலுங்க, போத்தல் கிணுகிணுக்க, கொண்டக்டர் முறைக்க, பெரியகல்லாற்றில் இறங்குகிறார். "முந்தினதுட மூடி சரியில்ல, மாத்தித் தாறன்" என்கிறார். கண்ணகை ஆளைப் பிடித்து இருத்தி, "முதல்ல ஒரு வாய் தின்னுங்க கா" என்று பூட்டி வைத்ததில் ஒன்றை எடுத்து உடைத்து, பாணில் பூசி, திரேசம்மாவின் கையிலேயே

சிரித்துக்கொண்டே எழுதினேன். மறுபடி வாசித்தபோது ஆள் சரியில்லை. மூடி சரியில்லை என்று பொய் சொல்லிச் சமாளிக்கத் தெரிந்த மனுசியாக இருந்தால் என்னிடம் ஏன் கேட்கிறார்? எவ்வளவு தள்ளியும் அவர் என் பஸ்ஸில் ஏறவில்லை.

முடிவு இ.

திரேசம்மா போய்ச் சொல்கிறார். சீதேவி சிரிக்கிறார். "எனக்கு அப்பவே தெரியும் கா."

(மலிவு. அடித்துவிட்டேன். நீங்கள் பார்ப்பதற்காக விட்டிருக்கிறேன்.)

6

இந்த இடத்தில் போன் அடித்தது.

"என்ன தம்பி, யோசிச்சீங்களா? ஞாயிற்றுக்கிழமை கலியாணம்."

"முடிவு இன்னும் வரல்ல அக்கா."

"என்ன முடிவு?"

"கதைட முடிவு."

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கொதிப்பது கேட்டது.

"கதையா? நான் உங்களிட்டக் கதையா கேட்டன்?"

வெட்கமாகப் போய்விட்டது. வெட்கப்பட்ட மனிதன் அவசரமாகப் பதில் சொல்வான். "சொல்லாதீங்க அக்கா. மெழுகை எடுத்து வீசத்தானே போறாங்க? தெரியாமத் தின்னா ஒரு தோசமுமில்ல" என்றேன்.

"நீங்கெண்டாத் தின்பீங்களா?"

"ஏன் தின்னமாட்டன்?"

"சரி" என்று வைத்துவிட்டார்.

7

இன்று மத்தியானம் அல்பேட் சைக்கிளில் வந்தார். தன்னாமுனையில் இருந்து கல்லடிக்கு, அந்த மழைக்குள். பேப்பரில் சுற்றிய ஒரு போத்தலை நீட்டினார்.

"மனிசி தரச் சொன்னா."

"அக்கா சீதேவி அக்காட்டச் சொல்லிட்டாவா?"

"நேத்தே சொல்லிட்டா."

"மறுகா என்ன நடந்தது?"

"என்னக் கேக்காதீங்க தம்பி. என்னை வெளியில போகச் சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டாளுகள். ஒரு ஆள் அழுற சத்தம் கேட்டுது. பிறகு சிரிக்கிற சத்தமும் கேட்டுது. ஆர் அழுத, ஆர் சிரிச்ச எண்டு எனக்கு விளங்கல்ல." சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, "என்னையும் ஏசினாளுகள். அது விளங்கின" என்றார்.

அவர் போனதும் போன் எடுத்தேன். "சீதேவி அக்கா என்ன சொன்னா?"

"அது எனக்கும் அவளுக்கும் உள்ளது தம்பி. கதைக்குக் குடுக்க ஏலா."

"கலியாணம்?"

"நாளைக்குத் தெரியும்தானே."

"சரி, இந்தப் போத்தல்... பழைய மெழுகா, புது மெழுகா?"

சிரித்தார். கேள்வி கேட்ட நாளுக்குப் பிறகு அவர் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன். "தெரியாமத் தின்னாத் தோசமில்ல எண்டீங்கதானே? தின்னுங்க."

8

போத்தல் மேசையில் இருக்கிறது. மூடியைத் திறந்துவிட்டேன். மெழுகு மட்டமாக நிற்கிறது. ஊற்றியது சீதேவி அக்காதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எப்போது ஊற்றினார்?

மணல் பாரமானது, உருகின மெழுகில் அடிக்குத்தான் போகும். ஆகவே மேலே பார்த்துப் பயனில்லை. நெம்பி எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். கீழ்ப்பக்கம் மணல் ஒட்டியிருந்தால் இது அன்றைக்கு ஊற்றினதில் மிஞ்சியது. சுத்தமாக இருந்தால், எல்லாவற்றையும் கேட்ட பிறகும் சீதேவி அக்கா வந்து அதே அடுப்படியில் நின்று தன் கையால் ஊற்றியிருக்கிறார். திரேசம்மா அக்கா போனில் சொல்ல மறுத்தது முழுவதும் இந்த விரல் மொத்த மெழுகுக்குக் கீழே இருக்கிறது.

கத்தியை எடுத்துவிட்டேன். பாணும் வெட்டி வைத்துவிட்டேன். நான் பல்லி பார்க்கிறவன் இல்லை. நேரம் பார்க்கிறவனும் இல்லை. மெழுகு மெழுகுதான், அல்பேட் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பாண் காய்ந்துகொண்டே போகிறது, கத்தி இன்னும் போத்தலைத் தொடவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இவ்வளவு நேரமும் சும்மா இருந்து வாசித்தீர்கள். இப்போது ஒரு வேலை செய்யுங்கள். இந்தாருங்கள் கத்தி. நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருகிறேன். அதற்குள் மெழுகை எடுத்துப் பார்த்துவிட்டு வீசிவிடுங்கள், பாணில் ஜாமைப் பூசி வையுங்கள். வந்ததும் தின்பேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கீழே மணல் இருந்தால், அதை எனக்குச் சொல்லணுமா வேணாமா என்று நீங்களே யோசியுங்கள்.