பிடி எந்தப் பக்கம்

தமிழ்மொழி கச்சிராயபாளையத்து லேத் பட்டறையில் இயந்திரப் படம் போடுகிறவள். டிப்ளமோ முடித்து, ஓசூரில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் வரைந்துவிட்டு வந்தவள் என்பதால் பட்டறையில் அவளுக்குத் தனி மரியாதை. மரியாதை கூடினால் கேள்வி கேட்பது குறைந்துவிடும். அங்கேதான் ஆபத்து.

போன பருவத்தில் அவள் அப்பா சின்னதுரையின் வலது கையில் இரண்டு விரல்களைக் கரும்பு ஆலை தின்றுவிட்டது. வெல்லக் கொட்டகையில் கூலிக்கு ஆலை உருளைக்குள் கரும்பு கொடுக்கிற மனுஷன். வேறு வேலைக்குப் போகச் சொன்னால் கேட்பாரா? மகள்தான் ஆலைக்காரர் நாராயணசாமியிடம் மல்லுக்கட்டி, ஆலையில் ஒரு பிடி வைக்கச் சம்மதம் வாங்கினாள். அதை இழுத்தால் பெல்ட் கழன்று உருளை நின்றுவிடும். அப்பாவுக்கு மிச்சமிருக்கும் நல்ல கை இடது கை. ஆகவே பிடியும் இடப்பக்கம்.

"நீ பாக்கவே வேணாம்ப்பா. ஏதாச்சும் மாட்டிக்கினா பீச்சாங்கைய நீட்டு, அங்க இருக்கும்" என்றாள். அவரும் சோறு தின்னும்போதுகூட இடது கையை வெறும் காற்றில் நீட்டிப் பழகினார்.

இரும்புச் சாமானைத் தாளில் காட்ட இரண்டு வழக்கம் உண்டு. எதிரே நின்று பார்த்ததை நடுவில் போட்டுவிட்டு, இடப்பக்கம் நின்று பார்த்ததை அதற்கு இடப்பக்கமே போட்டால் மூன்றாம் கோணம். அதையே வலப்பக்கம் போட்டால் முதல் கோணம். நம் ஊரில் சொல்லிக்கொடுப்பது முதல் கோணம். ஓசூர்க் கம்பெனியில் மூன்றாம் கோணம். எது என்று தெரிவிக்கத் தாளின் மூலையில் ஒரு சின்ன அடையாளம் போட வேண்டும். தமிழ்மொழி கம்பெனிப் பழக்கத்தில் வரைந்தாள். பிடியை இடப்பக்கத் தோற்றத்தில் மட்டும் காட்டி, அதைத் தாளிலும் இடப்பக்கமே போட்டாள். மூலை அடையாளத்தைப் போடவில்லை. சொந்த அப்பாவுக்குப் போடும் படத்துக்கு அதெல்லாம் எதற்கு என்ற மெத்தனம்தான், வேறென்ன?

பட்டறையின் ஃபிட்டர் செல்லமுத்து தாளைப் பார்த்தார். பக்கத் தோற்றம் இடது புறம் இருந்தது. அவர் ஐ.டி.ஐ.யில் படித்தபடி அது வலப்பக்கத்தைக் காட்டுவது. வலப்பக்கத்தில் வைத்து நேர்த்தியாகச் செய்தார். அவள் பேரிங் வாங்கக் கள்ளக்குறிச்சி போயிருந்த காலையில், கொட்டகைக்குப் போய் மாட்டியும் விட்டார்.

டவுன் பஸ்ஸை விட்டிறங்கி அவள் கொட்டகைக்கு வந்தபோது ஆலை ஓடிக்கொண்டிருந்தது. கொப்பரை காய்கிறபோது ஆலைக்காரர் யாருக்காகக் காத்திருப்பார்? அப்பா குனிந்து கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தார். சிவப்பு பெயிண்ட் அடித்த பிடி பளிச்சென்று தெரிந்தது. வலப்பக்கம்.

"அப்பா" என்று கத்தினாள். கத்தியிருக்கக் கூடாது. அவர் திரும்பினார்; கழுத்தில் சுற்றியிருந்த துண்டின் நுனி கரும்போடு சேர்ந்து உருளைக்குள் போனது.

துண்டு இறுகி அவரை முகத்தோடு இழுத்தது. இடது கை நேராகப் போனது, மகள் சொன்ன இடத்துக்கே போனது. அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி போனது. தமிழ்மொழி பாய்ந்து வந்து வலப்பக்கத்துப் பிடியை இழுத்தாள். உருளை நின்றது. முகத்துக்கும் உருளைக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

யாரோ கரும்புக் கத்தியால் துண்டை அறுத்தார்கள். அவள் சக்கைக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிடியை மாட்டிவிட்டு அங்கேயே இருந்த செல்லமுத்து வெளிறிப்போய் நின்றார். "படத்துல இருந்தபடிதாம்மா பண்ணேன்" என்றார்.

நாராயணசாமிக்குப் பதற்றம் கோபமாக வந்தது. "பிடிய வச்சிக்கினு இழுக்காம இன்னாய்யா தடவிக்கினு இருந்த?"

சின்னதுரையின் கழுத்தில் துண்டு அறுத்த தடம் சிவந்திருந்தது. "எம் பொண்ணு சரியாத்தாங்க வச்சிக்கிது. எனக்குத்தான் சோத்தாங்கை பீச்சாங்கை தெரியாம பூட்சு" என்றார். சொல்லும்போதே அந்த இடது கை காற்றில் தேடிக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

தமிழ்மொழி எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கை சரியாத்தாம்ப்பா போச்சு. பிடிதான் அங்க இல்ல. படத்த தப்பாப் போட்டவ நான்."

அவர் அவளை நம்பவில்லை. ஆலைக்காரர் பக்கம் திரும்பி, "கொழந்த பயந்துட்சிங்க, அதான் இன்னாமோ பேசுது" என்றார்.